இஸ்திரிக்காரரின் வெளியுறவுக் கொள்கை

2000-ம் ஆண்டு செப்டம்பர் 28 அன்று இஸ்ரேலின் எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன் பெரும் போலீஸ் படையோடு, முஸ்லிம்களின் புனிதத் தலமான ஜெருசலேமின் அல்-அக்ஸா வளாகத்துக்குள் நுழைந்தார். அடுத்த நாளே பாலஸ்தீனம் பற்றிக்கொண்டது. அதற்கும் அடுத்த நாள், முஹம்மத் அல்-துர்ரா என்ற 12 வயதுப் பையன் காஸாவில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தபோது துப்பாக்கிச் சூட்டில் விழுந்த காட்சி உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. இரண்டாவது இன்திஃபாதா, அதாவது பாலஸ்தீன மக்களின் எழுச்சி, தொடங்கிய நாட்கள் அவை. அரபு நாடுகளின் பெரிய பாடகர்கள் வயலின் கூட்டம் பின்னணியில் முழங்க, அரபு ஒற்றுமை, அரபுக் கனவு என்று கண்ணீர் மல்கப் பாடினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் கெய்ரோவின் மைக்ரோபஸ்களில் வேறொரு பாட்டு ஓடியது. வயலின் எல்லாம் கிடையாது. கீபோர்டு, மேளம், அப்புறம் கரகரத்த ஒரு தொண்டை. பாடியவர் ஷாபான் அப்தெல் ரஹீம். வயது நாற்பத்து மூன்று. கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டிருந்தவர், அதற்கு முன்பு இஸ்திரி போட்டுப் பிழைத்தவர். எனக்கு இஸ்ரேலைக் கண்டால் ஆகாது, யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன் என்று எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைக்கிறார். அதற்காக என்னைக் கொன்றாலும் சரி, சிறையில் தள்ளினாலும் சரி என்றும் சேர்த்துக்கொள்கிறார். கேசட் லட்சக்கணக்கில் விற்றது. யாரும் அவரைக் கொல்லவில்லை, சிறையிலும் தள்ளவில்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதற்குள் போகுமுன் ஆள் யாரென்று பார்த்துவிடலாம்.

1957 மார்ச்சில் கெய்ரோவின் வடபகுதியில் உள்ள ஷராபிய்யாவில் பிறந்தார். ரயில் பாதைகளை ஒட்டிய, நெருக்கமான, உழைக்கும் மக்கள் வாழும் பேட்டை. வீட்டில் வைத்த பெயர் காசிம். இஸ்லாமிய நாட்காட்டியின் ஷாபான் மாதத்தில் பிறந்ததால் ஷாபான் என்று அழைக்கப்பட்டு அதுவே நிலைத்தது. பிற்காலத்தில் செல்லமாக ஷாபூலா. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது என்பதை அவர் மறைத்ததும் இல்லை. பாட்டு வரிகளை யாராவது வாசிக்கக் கேட்டு, மனப்பாடம் செய்துதான் பாடுவார்.

எகிப்தில் இஸ்திரிக்காரர் என்பவர் தெருவின் முக்கியமான ஆள். பழைய பேட்டைகளில் காலால் இஸ்திரி போடும் கடைகள்கூட இருந்தன. கனத்த இரும்புப் பெட்டியில் நீளமான கைப்பிடி இருக்கும். தாழ்வான பலகையில் துணியை விரித்து, ஒரு காலைப் பெட்டியின் மேல் வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி குனிந்து முன்னும் பின்னும் தள்ளுவார்கள். கம்பளிக் கோட்டு, கலாபிய்யா என்னும் நீண்ட அங்கி போன்ற தடித்த துணிகள் அதற்குத்தான் மசியும். வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு துணிமேல் பூவாகத் தூவுவது அந்தத் தொழிலின் பழைய வித்தை. வெயில் காலக் கெய்ரோவில் அடுப்புக்கும் இரும்புக்கும் நடுவே நாள் முழுக்க நிற்கிற வேலை. பாடிக்கொண்டே செய்தால்தான் பொழுது போகும்.

அங்கிருந்து கல்யாணப் பாட்டுக்கு வருவது பெரிய தூரம் இல்லை. கெய்ரோவின் ஏழைப் பேட்டைகளில் கல்யாணம் மண்டபத்தில் நடக்காது, சந்தில்தான் நடக்கும். இரண்டு பக்க வீடுகளுக்கும் நடுவே சிவப்பும் நீலமுமாகக் கோலம் போட்ட துணிப்பந்தல், சர விளக்கு, மரப்பலகை மேடை. பாடகருக்குப் பேசிய கூலி கொஞ்சம்தான். மீதி வருவது மொய் மாதிரி ஒரு பணத்தில். அதற்கு நுக்தா என்று பெயர். யாராவது மேடைக்கு வந்து நோட்டை நீட்டுவார்கள். நபத்ஷி என்ற அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, இன்ன தெரு இன்னார், மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு மரியாதை செலுத்துகிறார், இறைச்சிக்கடைக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம் என்று நீட்டி முழக்குவார். பாட்டு நடுவில் நிற்கும், பெயர் வாசிக்கப்படும், பாட்டு தொடரும். இந்த மேடையில் பிழைக்க இனிமையான குரலைவிட வேறு சில தேவை. நெஞ்சுரம், வாய் சாமர்த்தியம், எந்த வரியையும் எந்தப் பெயரோடும் சேர்த்துக் கட்டிவிடுகிற லாகவம். ஷாபானின் பாட்டுகளில் மந்திரிகள், பிரதமர்கள், அதிபர்கள் பெயராக வந்து வரிசைகட்டுவதைக் கேட்கும்போது அந்த நபத்ஷி அறிவிப்புதான் எனக்கு ஞாபகம் வரும். அரபு உலக அரசியலையே ஒரு கல்யாண வீட்டு மொய் வரிசையாக அவர் ஆக்கிவிட்டார்.

இந்த இசைக்கு எகிப்தில் ஷாபி, அதாவது மக்களுடையது, என்று பெயர். ஷாபானுக்கு முன்னால் இதன் ராஜா அஹ்மத் அதவிய்யா. 1970-களின் தொடக்கத்தில் அவர் புகழ்பெற்றபோது அரசு வானொலி அவரைக் கிட்டவே சேர்க்கவில்லை. எகிப்து வானொலியில் பாட்டு ஒலிக்க வேண்டுமென்றால் வல்லுநர் குழு ஒன்று கேட்டு ஒப்புதல் தர வேண்டும். உம்மு குல்சூம், அப்தெல் ஹலீம் ஹாஃபிஸ் போன்ற பெரும் பாடகர்கள் கோலோச்சிய அந்த வாசலில் தெருப் பாடகனுக்கு என்ன இடம்? கேசட் வந்து அந்த வாசலையே தேவையில்லாமல் ஆக்கியது. 1974-ல் அதிபர் சதாத் பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்டார். எகிப்தியத் தொழிலாளிகள் வளைகுடாவுக்கும் லிபியாவுக்கும் ஈராக்குக்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு டேப் ரெக்கார்டர். டாக்ஸி, டீக்கடை, மைக்ரோபஸ் எல்லாம் தனித்தனி வானொலி நிலையங்கள் ஆயின. ஷாபான் இந்த உலகத்தின் இரண்டாம் தலைமுறை.

ஷார்ஜாவில் ஒரு குடோனில் நான் வேலை பார்த்த காலத்தில்தான் இந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. லாரி ஓட்டிய எகிப்தியர் கேசட்டை மாற்றவே மாட்டார். எனக்கு அப்போது தெரிந்த அரபு, சரக்கு எண்ணவும் சாப்பாடு வாங்கவும் போதுமானது. பாட்டில் பாதி புரியாது. ஆனால் ஷரோன், பராக், அம்ர் மூசா என்று பெயர்கள் வரும்போது அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகபாவம் காட்டுவார். அதே கம்பெனியில் கணக்கு எழுதியவரும் எகிப்தியர்தான், கெய்ரோவில் பட்டம் வாங்கியவர். அவர் முன்னால் ஷாபான் பெயரை எடுத்தால் முகம் சுருங்கிவிடும். இந்த ஆளைக் கேட்டுவிட்டு எகிப்தியர்கள் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள் என்று என்னிடம் கெஞ்சாத குறை. அவருடைய மேசையில் எப்போதும் உம்மு குல்சூம். ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள், ஒரு பாடகரை வைத்து இப்படி இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பிற்பாடு கெய்ரோ பத்திரிகைகளில் வந்ததை எல்லாம் படித்தபோது, குடோனில் பார்த்ததையே பெரிய எழுத்தில் பார்ப்பது மாதிரி இருந்தது.

அந்த இஸ்ரேல் பாட்டை எழுதியவர் இஸ்லாம் கலீல். பள்ளிக்கூட அரபு ஆசிரியர். ஷாபான் வாயிலிருந்து வந்த அரசியலில் பெரும்பகுதி இந்த வாத்தியாரின் பேனாவிலிருந்து வந்தது. இதை வைத்து ஷாபானைக் கிளிப்பிள்ளை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உம்மு குல்சூமுக்கும் எழுதிக் கொடுத்தது கவிஞர்கள்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன் வாயில் வரும்போது மட்டும் வரி இரவல் ஆகிவிடுகிறதா? அந்த வரிகளை எகிப்து நம்பியதற்குக் காரணம் குரல். காய்கறிக் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஆட்கள் பேசுகிற அதே தொனி. வாத்தியார் தன் குரலில் பாடியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

மெட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஷாபானுடைய பாட்டுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மெட்டு. விமர்சகர்கள் பரிகாசம் செய்தார்கள், அவரும் ஒத்துக்கொண்டார். ஈராக் என்றாலும் அதே மெட்டு, பறவைக் காய்ச்சல் என்றாலும் அதே மெட்டு. நடுவில் ‘ஏஏஏ’ என்று ஓர் இழுப்பு, கடைசியில் ‘பஸ் கலாஸ்’, அவ்வளவுதான், முடிந்தது என்று ஒரு வெட்டு. ஆனால் கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு தொழில் ரகசியம் தெரியும். மெட்டு போடுகிற வேலை இல்லை, ஒத்திகை வேண்டாம், வாத்தியக்காரர்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று செய்தி வந்தால் வாத்தியார் எழுதிவிடுவார், இவர் மனப்பாடம் செய்துவிடுவார், பரபரப்பு அடங்குவதற்குள் கேசட் தெருவில் இருக்கும். கேட்பவருக்கும் மெட்டு பழக்கமானது என்பதால் காது நேரே வார்த்தைக்குப் போய்விடும். 1996 கணக்கெடுப்பின்போது எகிப்தில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேருக்கு எழுத்து தெரியாது. அவர்களுக்கு இது செய்தியும் தலையங்கமும் சேர்ந்த ஒன்று. இசை என்று பார்த்தால் சலிப்பூட்டும், நானே தொடர்ந்து நான்கு பாட்டு கேட்க மாட்டேன்.

சரி, சிறைக்கு வருவோம்.

எகிப்து 1979-ல் இஸ்ரேலோடு சமாதான ஒப்பந்தம் போட்ட முதல் அரபு நாடு. 1981-ல் சதாத் கொல்லப்பட்டதிலிருந்து நெருக்கடிநிலைச் சட்டம் நடப்பில் இருந்தது. தெருவில் ஐந்து பேர் கூடினால் போலீஸ் வரும். கேசட்டில் பாட்டு வெளியிட வேண்டுமென்றால் வரிகளைத் தணிக்கைத் துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இப்படிப்பட்ட நாட்டில், சமாதான ஒப்பந்தம் போட்ட அண்டை நாட்டின் பெயரைச் சொல்லி வெறுக்கிறேன் என்று பாடும் கேசட் சட்டப்படி வெளியாகி, கடை கடையாக விற்கிறது. அனுமதி இல்லாமல் அது நடந்திருக்காது.

அப்போதைய சூழலையும் பார்க்க வேண்டும். 2000 நவம்பரில் அதிபர் முபாரக்கின் அரசே இஸ்ரேலிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபம் வெளியே பார்த்தால் அரசுக்கு நிம்மதி, உள்ளே திரும்பினால் ஆபத்து. ஏன் இந்த ஒப்பந்தம், ஏன் இந்த நெருக்கடிநிலை, ஏன் ரொட்டி விலை என்று கேட்க ஆரம்பித்தால் நிற்காது. ஷாபானின் பாட்டு அந்தக் கோபத்துக்கு ஒரு திசை காட்டியது. பாட்டை வரிவரியாகக் கேட்டால் இது தெரியும். இஸ்ரேல் பிரதமர் எகுத் பராக்கைப் பிடிக்காது, ஷரோனைப் பிடிக்காது. பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்தைப் பிடிக்கும். வெளியுறவு அமைச்சர் அம்ர் மூசாவைப் பிடிக்கும், நிதானமாக அளந்து பேசுகிறவர் என்பதால். ஹோஸ்னி முபாரக்கையும் பிடிக்கும், பெரிய மனசுக்காரர் என்பதால். சிறைக்குப் போகவும் தயார் என்று தொடங்கும் பாட்டு, சிறையின் சாவியை வைத்திருப்பவருக்கு ஒரு சலாமும் போட்டுவிடுகிறது.

இதில் கெய்ரோ டீக்கடைகள் சேர்த்துக்கொண்ட ஒரு வால் உண்டு. 2001-ல் அம்ர் மூசா வெளியுறவு அமைச்சகத்திலிருந்து அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீகின் பொதுச் செயலாளர் பதவிக்கு மாற்றப்பட்டார். பத்து வருடம் அமைச்சராக இருந்தவர், மக்களிடம் செல்வாக்கு உள்ளவர். அமைச்சரைப் பற்றிய வரிக்குக் கிடைத்த கைதட்டல் அதிபரின் காதில் விழுந்துவிட்டது, அதனால்தான் இந்த மாற்றம் என்று ஊரே பேசியது. வதந்திதான். ஆனால் ஓர் இஸ்திரிக்காரர் பாட்டுப் பாடி மந்திரியை இடம் மாற்றிவிட்டார் என்று நம்புவதில் அந்த மக்களுக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்! வாக்குச்சீட்டில் அவர்களால் எதையும் மாற்ற முடியாத வருடங்கள் அவை.

படித்தவர்கள் பொங்கினார்கள். அரசியலைவிட அவர்களை உறுத்தியது ஆளின் தோற்றம் என்பது என் எண்ணம். பளபளக்கும் பூப்போட்ட சட்டை, கழுத்தில் தங்கச் சங்கிலி, இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு கடிகாரம், எண்ணெய் வழியும் சுருள்முடி. சோபாவுக்குப் போடுகிற துணியில் சட்டை தைத்துக்கொள்கிறார் என்று பேச்சு, அவரும் வீட்டு சோபா நிறத்துக்குப் பொருத்தமான சட்டையோடு போஸ் கொடுத்து அதை விளம்பரமாக்கிக்கொண்டார். தொலைக்காட்சிக்கு இவரை ஏன் அழைக்கிறீர்கள், இளைஞர்களின் ரசனை கெடுகிறது என்று நாடாளுமன்றம் வரை புகார் போனது. அங்கே விவாதிக்க வேறு விஷயமே இல்லாத மாதிரி. கேலியை வாங்கி அப்படியே காசாக்குவதில் ஷாபான் கெட்டிக்காரர். பேட்டிகளில் அப்பாவி மாதிரி உட்கார்ந்து பதில் சொல்வார். யார் யாரைக் கேலி செய்கிறார்கள் என்று கொஞ்ச நேரத்தில் பார்ப்பவருக்குக் குழப்பம் வந்துவிடும்.

அவரைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்று நான் நினைப்பது இயக்குநர் தாவூத் அப்தெல் சையத்தை. 2001-ல் அவர் எடுத்த ஒரு படத்தில் ஷாபானுக்கு முக்கிய வேடம். நடுத்தர வர்க்க எழுத்தாளன் ஒருவன் எழுதிய நாவலின் கையெழுத்துப் பிரதி திருடு போய்விடுகிறது. திருடன் ஷாபான். அவன் அதைப் படித்துப் பார்க்கிறான், ஒழுக்கக்கேடான நாவல் என்று தீர்ப்புச் சொல்லி எரித்துவிடுகிறான். நிஜத்தில் எழுத்தே தெரியாத ஒருவரை, நாவல் படித்து விமர்சனம் செய்கிற திருடனாக நடிக்க வைத்திருக்கிறார். படித்த வர்க்கத்துக்கு ஷாபான் மாதிரி ஆட்கள்மேல் இருந்த பயத்தை இதைவிட நன்றாக யாரும் காட்டவில்லை. எங்கள் பொருளைத் திருடுவான் என்ற பயம் சின்னது. எங்கள் எழுத்தை எடைபோட ஆரம்பித்துவிடுவானோ என்பது பெரிய பயம். படம் முடிவதற்குள் எழுத்தாளனும் திருடனும் கூட்டாளிகளே ஆகிவிடுகிறார்கள்.

அதே 2001-ல் நடந்த மெக்டொனால்ட்ஸ் கதை, எழுதிக் கொடுத்தாலும் யாரும் நம்பாத நகைச்சுவை. இன்திஃபாதாவை ஒட்டி எகிப்தில் அமெரிக்கப் பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் சூடுபிடித்திருந்தது. நாங்களும் உள்ளூர்க்காரர்கள்தான் என்று காட்ட அந்த நிறுவனம் மெக்ஃபலாஃபல் என்று ஒரு பண்டத்தை இறக்கியது. எகிப்தில் ஃபலாஃபலை தாமிய்யா என்பார்கள், உலர்ந்த அவரைப் பருப்பில் செய்வது, தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதன் விளம்பரப் பாட்டைப் பாட அவர்கள் தேடிப் பிடித்தது யாரை என்றால், இஸ்ரேலை வெறுக்கிறேன் என்று பாடிய ஷாபானை. அவரும் ஒரு வாய் கடித்தால் முழுதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள் என்ற தொனியில் பாடிக் கொடுத்தார். அமெரிக்காவில் உள்ள யூத அமைப்பான அமெரிக்கன் ஜூயிஷ் கமிட்டி எதிர்ப்புத் தெரிவித்தது, விளம்பரம் நிறுத்தப்பட்டது. ஒரு பக்கம் அமெரிக்கச் சரக்கை வாங்காதே என்று கேசட்டை ஓடவிட்டுக் கோஷம் போட்டவர்கள், மறுபக்கம் அதே குரல் அமெரிக்கக் கடைக்கு ஆள் பிடிக்கிறது. இதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கல்யாண மேடையில் யார் நோட்டை நீட்டினாலும் அவர் பெயர் வாசிக்கப்படும்.

அப்புறம் வந்த பாட்டுகள் வரிசையாக உலகச் செய்திகள். 2003-ல் ஈராக் மீது படையெடுப்பு, அதற்கு ஒரு பாட்டு. முஹம்மத் நபியை வரைந்த டென்மார்க் கேலிச்சித்திரங்களுக்கு ஒரு பாட்டு. பறவைக் காய்ச்சலுக்கு ஒன்று. 2008 டிசம்பரில் பாக்தாத்தில் முன்தஸர் அல்-ஜைதி என்ற நிருபர் ஜார்ஜ் புஷ் மீது இரண்டு செருப்பையும் கழற்றி வீசினார். ஷாபான் சும்மா இருப்பாரா? உன்னால் இனி ஒரு பிரயோஜனமும் இல்லை புஷ் என்று அதற்கும் வந்தது. பின்னால் ஒபாமா, ஐஎஸ் பயங்கரவாதிகள் என்று யாரும் தப்பவில்லை. ஈராக் பாட்டு எனக்குப் பிடிக்கும். கோபத்துக்கு அடியில் நிஜமான துக்கம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதே தட்டில் குப்பையும் கிடக்கும். நியூயார்க் இரட்டைக் கோபுரங்களை இடித்தது அமெரிக்கர்களேதான் என்ற கட்டுக்கதையையும் அவர் பாடியிருக்கிறார். தெரு பேசுவதை எல்லாம் பாடுகிறவன் தெருவின் பொய்களையும் சேர்த்துத்தான் பாடுவான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் முழுசாகப் போதவில்லை. லட்சம் பேர் காதில் ஏறுகிற பொய்க்கு டீக்கடைப் பொய்யைவிடக் கனம் அதிகம்.

அரசியல் பாட்டு என்றதும் எகிப்தில் முதலில் சொல்லப்படும் பெயர் ஷாபான் இல்லை, ஷேக் இமாம். பார்வையற்றவர், கையில் ஊத் என்ற நரம்பு வாத்தியம், பக்கத்தில் கவிஞர் அஹ்மத் ஃபுவாத் நெகம். 1967 போரில் எகிப்து தோற்றபோது, தோற்ற தளபதிகளைக் கேலி செய்து பாடியவர்கள். அதிபர் நாசர் காலத்திலும் உள்ளே போனார்கள், சதாத் காலத்திலும் உள்ளே போனார்கள். நெகமின் வாழ்க்கையில் பல வருடங்கள் சிறையில்தான் கழிந்தன. அவர்கள் பாட்டு கேசட்டாகக் கைமாறியது, கடையில் கிடைக்காது. 2011 ஜனவரியில் முபாரக்கை எதிர்த்துக் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் கூடிய இளைஞர்கள் பாடியது ஷேக் இமாமை. அதே சதுக்கத்தில் கிதாருடன் மேடையேறி, போய்விடு என்று முபாரக்குக்குப் பாடிய ராமி இஸ்ஸாம் என்ற இளைஞரை, அந்த ஆண்டு மார்ச்சில் ராணுவத்தினர் பிடித்து எகிப்திய அருங்காட்சியகத்தில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள். சொந்த அதிபரைப் பற்றிப் பாடினால் எகிப்தில் என்ன விலை என்பதற்கு அவருடைய அடிபட்ட முதுகின் புகைப்படங்கள் சாட்சி.

ஷாபான் அந்த விலையை ஒருபோதும் கொடுக்கவில்லை. முபாரக் இருந்தபோது முபாரக் நல்லவர். பிற்பாடு அப்தெல் ஃபத்தா அல்-சிசி ஆட்சிக்கு வந்தபோது சிசிக்கும் பாட்டு. இதைச் சொல்லி அவரை அரசின் ஆள் என்று முத்திரை குத்தி முடித்துவிடுவது சுலபம். எகிப்திய இடதுசாரிகள் பலர் அப்படித்தான் முடித்தார்கள். நான் கொஞ்சம் தயங்குகிறேன். ஷேக் இமாமும் ஏழைதான், அவருடைய துணிச்சலை யாரோடும் ஒப்பிட முடியாது. ஆனால் அவரைக் கேட்டவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், எழுத்தாளர்கள், தொழிற்சங்கக்காரர்கள். மைக்ரோபஸ் ஓட்டுநர் கேட்டது ஷாபானை. அந்த ஓட்டுநருடைய அரசியலும் கிட்டத்தட்ட அதுவேதான். தூரத்து எதிரியைத் திட்டலாம், பக்கத்து அதிகாரியை ஐயா என்று கும்பிட வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். அவர் அரசியல் பாடகரா என்று கேட்டால் ஆமாம் என்பேன், எந்த எல்லை வரை பேசலாம் என்பதையும் சேர்த்தே பாடிக்காட்டிய பாடகர். எங்கே வாயை மூடிக்கொண்டார் என்பதை வைத்து 2000-களின் எகிப்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

பணம் வந்த பிறகும் அவர் கெய்ரோவின் பணக்காரப் பேட்டைகளுக்குக் குடிபோய்விடவில்லை. கெய்ரோவுக்கு வடக்கே கல்யூபிய்யா மாகாணத்தில் மித் ஹல்ஃபா என்ற ஊர்தான் அவருக்கு வீடு. 2019-ல் கால் எலும்பு முறிந்திருந்த நிலையில் ரியாத் சீசன் என்ற சவூதி அரசு விழாவுக்குப் போய், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பத்து வருடம் முன்னால் ரியாதில் பொது மேடைக் கச்சேரியையே நினைத்துப் பார்க்க முடியாது. ஊர் திரும்பியதும் உடல்நிலை மோசமானது. டிசம்பர் 3 அன்று கெய்ரோவின் மாதி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். வயது 62. வாழ்நாள் முழுக்க அவரைக் கண்டு முகம் சுளித்த பத்திரிகைகள், மக்கள் பாடகர் என்று இரங்கல் எழுதின.

அவர் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2020 பிப்ரவரியில், காதலர் தினத்தையொட்டிக் கெய்ரோ ஸ்டேடியத்தில் நடந்த கச்சேரியில் ஹசன் ஷாகோஷ் என்ற இளைஞர் மஹ்ரகானாத் வகைப் பாட்டு ஒன்றைப் பாடினார். ஷாபியின் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்க இசை அது, கம்ப்யூட்டரில் தாளம் போட்டு, குரலை இயந்திரத்தில் நெளித்துப் பாடுவது, பேட்டைப் பையன்களுடையது. மதுவையும் கஞ்சாவையும் பற்றி ஒரு வரி இருந்ததாம். இசைக் கலைஞர் சங்கத்தின் தலைவர் ஹானி ஷாகர், அவரே மென்மையான காதல் பாட்டுகளுக்குப் பெயர் போனவர், மஹ்ரகானாத் பாடகர்கள் யாரும் இனி மேடையேறக் கூடாது என்று தடை போட்டார். ரசனை கெடுகிறது, இளைஞர்கள் பாழாகிறார்கள் என்று அதே பழைய காரணம். அதவிய்யாவுக்குச் சொன்னது, ஷாபானுக்குச் சொன்னது, இப்போது இவர்களுக்கு. பையன்கள் யூடியூபில் ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். சங்கத்துக்கு அங்கே கிளை கிடையாது.

ஷாபானை இனிமேல்தான் முதல்முறை கேட்கப்போகிறீர்கள் என்றால், இஸ்ரேல் பாட்டில் தொடங்க வேண்டாம் என்பேன். சிகரெட்டை விடப்போவதாக அவர் பாடிய பழைய பாட்டு ஒன்று இருக்கிறது. ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து புது மனிதன், உடற்பயிற்சி செய்து எடை தூக்கப்போகிறேன் என்று சபதம் போடுகிறார். ஒரு மந்திரி பெயரும் இல்லை, ஓர் அதிபரும் இல்லை. சபதத்தை அவரே நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிகிறது. மெட்டு மட்டும் உங்களுக்கு முன்பே தெரிந்ததாக இருக்கும்.